லண்டனுக்கு ஐந்தரை மணி நேரம்

அடியே,

நாளைக்குப் பயணம். தோள்பையைத் துடைத்து வைக்கலாமென்று ஜிப்பைத் திறந்தேன்; இன்னும் உன் புளிசாத வாசனை! மூன்று தடவை சோப்புப் போட்டு அலசிய பை. நீ ஊற்றிய நல்லெண்ணெய் அப்படி.

அந்த முதல் பயணத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஒரகடத்தில் நம் ஆலையிலிருந்து மூன்று வாரப் பயிற்சிக்கு ஒரே ஒருத்தியை லண்டன் அனுப்பினார்கள், அது நான். எனக்கோ விமானம் என்றாலே பயம். போகவில்லை என்று எழுதிக் கொடுக்கக் கிளம்பியவளை, அசெம்பிளி லைனில் பக்கத்தில் நின்று வேலை பார்த்த நீதான் டிக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்து நிறுத்தினாய்.

"காலைல ஆறு மணிக்கு மீனம்பாக்கத்துல ஏறுற. பதினொன்றரைக்கு ஹீத்ரூல எறங்குற. அஞ்சரை மணி நேரந்தான்டி. ஒரு ஷிப்ட்டுகூட இல்ல. இதுக்கா அயுவுற?"

"ஏட்டி, எங்க சங்கரன்கோவிலுக்கே பஸ்ல பத்து மணி நேரத்துக்கு மேல ஆவுது. லண்டன் அதைவிடப் பக்கமா?"

"ஏரோபிளேனுக்கு வய்யில இன்னா, டோல்கேட்டா கீது?"

எனக்கு அது போதுமாக இருந்தது. எதையும் ஷிப்ட்டில் அளந்தே பழகியவர்கள் நாம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவளுக்கு ஐந்தரை மணி நேரம் உட்காரத் தெரியாதா? கிளம்பும் அன்று உன் ஊர் மண்ணூரிலிருந்து புளிசாதம் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாய். இரண்டு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை பார், எனக்கு.

விமானத்தில் என் கைக்கடிகாரம் பதினொன்றரை காட்டியதும் தலைவாரி, பொட்டைச் சரிசெய்து, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாரானேன். கீழே வெறும் மலை. பணிப்பெண்ணிடம் கேட்டால், இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறதாம்! டிக்கெட்டில் போட்டிருந்தது அந்த ஊர் மணியாம்; நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்களாம். உன்னைத் திட்டாத திட்டில்லை. ஆனால் பாதி தூரம் தாண்டியாயிற்று, இனிமேல் பயந்து என்ன செய்ய? ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தேன்.

இறங்கியதும் உனக்குத்தான் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய். "எனக்குத் தெரியும்டி. பதினோரு மணி நேரம்னு சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியா?"

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, காரியத்துக்கு வந்திருந்த சூப்பர்வைசர் அக்கா சொன்னார்: "நீ மாட்டேன்னு எழுதிக் குடுத்திருந்தா, அடுத்த பேரு அவளோடதுதான். அவளுக்கும் அது தெரியும். பாஸ்போர்ட்கூட எடுத்து வச்சிருந்தா."

அன்று உன் வீட்டு வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை. இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இதுவரை ஆறு தடவை போய் வந்துவிட்டேன். ஒரு தடவையும் வழியில் கண் அசரவில்லை. ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்கி, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ பார்த்திருக்க வேண்டியதையும் நான்தானேடி பார்த்தாக வேண்டும்.