அவுட் ஆகாத தேனு

நவ. 3, திங்கள்

காலையில் நல்ல குளிர். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, காது அடைத்துவிட்டது. முதல் ஷிஃப்ட். சாகண் ஆலையிலிருந்து ஐந்து மணிக்கு வீடு.

தேனுவுக்கு எட்டு வயது முடியப்போகிறது. எதிரில் இருப்பவர் முகம் சுளித்தாலும் என் மகளுக்குப் பிடிபடாது, பேசிக்கொண்டே போவாள். முகம் பார்த்துப் புரிந்துகொள்ள அவளுக்குப் பயிற்சி தரும் மேடம் இந்த வாரம் எனக்கும் வீட்டுப்பாடம் வைத்திருக்கிறார். தேனு விளையாடிவிட்டு வந்ததும், மற்றவர்களிடம் என்ன கவனித்தாள் என்று கேட்டு மூன்று எழுத வேண்டும்.

1. சாயலிக்குப் புது ஷூ.
2. அத்வைத்துக்கு இருமல்.
3. "போதும்ப்பா."

முகம் எதுவும் இல்லை. ஷூ வரை வந்திருக்கிறாள்.

நவ. 4, செவ்வாய்

அபார்ட்மெண்ட் கீழே பெஞ்சில். போனைப் பார்ப்பதுபோல் பிள்ளைகளைப் பார்த்தேன். ஓடிப்பிடி ஆட்டம். நாற்பது நிமிடம், தேனு ஒருமுறைகூட அவுட் இல்லை. பெருமை தாங்கவில்லை. மேலே வீட்டிலிருந்த மனைவி செல்விக்குப் போன் போட்டு, "என் ஓட்டம் அவளுக்கு" என்றேன்.

"பஸ்ஸ விட்டுட்டுப் பின்னாடி ஓடுவீங்களே, அந்த ஓட்டமா?"

எல்லாருக்கும் சிக்கி, அதாவது கடலை மிட்டாய், கொடுத்தேன். சாயலிக்குப் பதினொன்று இருக்கும், அங்கே அவள்தான் தலைவி. வாய் நிறையச் சிக்கியோடு, "டென்ஷன் மத் லோ அங்கிள், வோ கச்சா லிம்பு ஹை" என்றாள். கவலைப்படாதீர்கள், அவள் பிஞ்சு எலுமிச்சை. அதாவது, அவளை யாரும் அவுட் செய்யமாட்டார்கள். எங்கள் ஊரில் உப்புக்குச் சப்பாணி என்போம். ஆட்டத்தில் இருப்பாள், கணக்கில் இல்லை.

செல்வியிடம் சொல்லவில்லை.

நவ. 6, வியாழன்

எண்ணினேன். பிடிக்க வருபவர் தேனு பக்கம் திரும்பியது ஒன்பது தடவை. ஒன்பதிலும் வேகம் குறைந்தது. நல்ல பிள்ளைகள். அதுதான் கஷ்டம், யாரைத் திட்டுவது.

மேடத்துக்குப் போன். நீங்களாகச் சொல்லாதீர்கள், அவளே பார்க்கட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தேனு: "சாயலி என்கிட்ட வந்தா மட்டும் மெதுவா ஓடறா."

பேனா நின்றுவிட்டது. "ஏன்?"

"கால் வலி."

பார்த்தது சரி. காரணம் தப்பு. பாதி மார்க்.

நாளை தயிர் வாங்க வேண்டும்.

நவ. 7, வெள்ளி

தயிர் மறந்துவிட்டது.

தேனு வீட்டிலிருந்த வலித் தைலத்தை எடுத்துப்போய்ச் சாயலியிடம் நீட்டினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்வைத் சிரிப்பை அடக்கினான். தேனு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், மேடம் முகம் வரைந்த அட்டை காட்டும்போது பார்ப்பாளே, அப்படி. பிறகு தைலத்தோடு மேலே வந்துவிட்டாள். ஷூவைக் கழற்றவில்லை.

"கால் வலி இல்லப்பா. எனக்காக மெதுவா ஓடறாங்க. உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்போலேர்ந்து?"

"செவ்வாய்க்கிழமை."

"சொல்லவே இல்ல."

வெட்கமாக இருந்தது. இன்று மூன்று கேட்கவில்லை.

நவ. 8, சனி

தேனு கீழே போகவில்லை. செல்வியிடம் எல்லாம் சொன்னேன்.

"நாலு நாளா உங்க மூஞ்சி சரியில்லன்னு நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். அவ பாடத்த நீங்களும் சேந்து படிங்க."

உள்ளே கண்ணாடி முன் தேனு ஒரே வாக்கியத்தை இந்தியில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். எட்டிப் பார்த்தேன், கதவைச் சாத்திவிட்டாள்.

நவ. 9, ஞாயிறு

இதமான வெயில். தேனு நேராகச் சாயலியிடம் போனாள். "முஜே பி அவுட் கரோ."

என்னையும் அவுட் பண்ணுங்கள்.

சாயலி என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். பயமாகத்தான் இருந்தது.

நாலாவது நிமிடம், முதல் ஆளாக அவுட். முதுகில் ஓங்கி ஒரு தட்டு. பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுதாள். செல்வி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள், இறங்கி வரவில்லை. நானும் தொடவில்லை. நோட்டைப் பிரித்தேன்.

1. "வேகமா வந்தா."
2. "பல்லைக் கடிச்சிட்டு வந்தா."

"மூணு?"

அதற்குள் ஆட்டம் முடிந்து சாயலி கத்தினாள்: "தேனூ, துஜ்யாவர் ராஜ்ய!" இனி உன் முறை. முதலில் அவுட் ஆனவள்தான் அடுத்துப் பிடிக்க வேண்டும். முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

3. காலி.