படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை

அன்பு மகள் குயெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் மூட்டுவலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், மெல்போர்ன் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்பதே தினமும் என் வேண்டுதல். நம் சா டெக் ஊரில் மழை பிடித்துக்கொண்டது, ஆறு படித்துறையின் மேற்படி வரை வந்துவிட்டது, தோம் அத்தையின் நூடுல்ஸ் கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கண்காட்சியில் பெரிதாக மாட்டப்போகும் படத்தின் இடது ஓரத்தில் யாருடைய முழங்கையோ தெரிகிறது, அதை வெட்டிவிட்டால் யாராவது வருத்தப்படுவார்களா என்று கேட்டிருந்தாய். வருத்தப்படுவார்கள். அது என் முழங்கை.

டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு வந்து நீ கேமராவும் கையுமாக அலைந்தபோது, அந்தப் படம் எடுத்த காலையை நினைத்துப் பார். அப்பாவும் அவர் தங்கையும் கடை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் பக்கத்தில் உட்காரப் போனேன். உடனே அத்தை, "ஐயோ அண்ணி, மூணு பேரா படம் எடுத்தா நடுவுல இருக்கறவங்களுக்கு ஆயுசு போயிடும், கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நானும் அதைக் கேட்டுத் தள்ளி நின்றேன். நீயும் என்னைக் கூப்பிடவில்லை. வெளிச்சம் போய்விடும் என்று அவசரப்பட்டாய், புரிகிறது, புரிந்தும் மனது ஆறவில்லை. இப்போது அத்தை அந்தப் படத்தை அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க குயென் எடுத்தது, வெளிநாட்டுல என் மூஞ்சி செவுரு அகலத்துக்குத் தொங்கப் போவுது" என்கிறாள். போன வாரம் வந்த பூ வியாபாரி ஒருவர் அதைப் பார்த்து, "புருஷன் பொண்டாட்டி ஒரே ஜாடை, இப்படில்ல இருக்கணும்" என்று சொல்ல, அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், "லியூ, இந்த வீட்டுல உனக்கு வேலை போச்சு" என்றார். நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் படங்கள் நல்ல படங்கள், பொய் சொல்லமாட்டேன். அத்தையின் கழுத்து மடிப்பில் நிற்கும் வியர்வைகூட உன் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு முகத்தை நீ அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். அவர்கள் இருவரும் அதே வாசலில் இருக்கையில் நடுவே போய் உட்கார்ந்துகொண்டு, எதிர்வீட்டு ஹுயேவைக் கைப்பேசியில் எடுக்கச் சொன்னேன். அத்தை பதறிப்போய், "நடுவுல வேணாம் அண்ணி, சொன்னாக் கேளுங்க" என்று எழுந்து ஓடி, கடைப் பூனையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டு, "இப்ப நாலு பேரு ஆச்சு, எடு" என்றாள். என் ஆயுளுக்காக அவள் பயந்ததிலும் எனக்குக் கோபம்தான், அதிலும் அவளே நல்லவளாகிவிட்டாள். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பூனை திமிறியதால் அது மட்டும் கலங்கலாக இருக்கிறது, நான் அசையவில்லை. இதையும் மாட்டு என்று கேட்கக் கூடாதென்றுதான் நினைத்தேன், கேட்கிறேன், சின்னதாகவாவது மாட்டு. அந்தப் பெரிய படத்தில் என் கையை வெட்டாதே.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நம் முன்னோர் உன்னைக் கண்போலக் காக்கட்டும், கண்காட்சி நல்லபடியாக நடக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, அடுத்த முறை தொலைபேசியில் கூப்பிடும்போது எடுத்தவுடன் அத்தை எங்கே என்று கேட்காதே. கொஞ்சம் என்னோடு பேசிவிட்டுக் கேள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா
லியூ