உள்ளங்கைக் குழி உப்பு

என் அன்புக் குட்டிம்மாவுக்கு,

ஆண்டவர் தயவில் நான் சுகம், முழங்கால் மட்டும் அவ்வளவு தயவு காட்டவில்லை. நீயும் அவர் காவலில் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அத்தை போன வாரம் வந்து சமையலறையை அடுக்கித் தருகிறேன் என்று தலைகீழாக்கிவிட்டுப் போனாள், டீத்தூள் டப்பாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பஸ் பணிமனையில் ஏதாவது இஞ்சின் அடம்பிடித்தால் புது மெக்கானிக்குகள் இப்போதும் எனக்குத்தான் போன் பண்ணுகிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் ஷூ மாட்டக்கூட மனம் வரவில்லை, லேபில் யாருடைய ரத்தத்தையோ பார்த்துப் பார்த்து எழுதி என்ன ஆகப்போகிறது, ஜெபம் பண்ணியே மாதக்கணக்காகிறது, அம்மா போனபின் நீங்க எப்படிப்பா எழுந்தீங்க என்றெல்லாம் கேட்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், நான் எழுந்திருக்கவே இல்லை. உனக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவை அடக்கம் பண்ணி மூன்று வாரம் நான் பணிமனைப் பக்கம் போகவில்லை, சவரம் பண்ணவில்லை, நீயே ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாய், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை நம் போதகர் வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறார், சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். அவர் ஒரு வசனமும் சொல்லவில்லை. ஒரு பாக்கெட் கோதுமை மாவை மேஜைமேல் வைத்தார், நாளைக்குத் திருவிருந்து, அப்பம் உங்க வீட்டிலேர்ந்துதானே வரும் என்றார், போய்விட்டார். பத்து வருஷமாகத் திருவிருந்தில் பிட்டுக் கொடுக்கிற அப்பத்தைச் சபைக்குச் சுட்டவள் அம்மா, அவளே இல்லாத வீட்டில் வந்து கேட்கிறாரே, இந்த மனுஷனுக்கு ஈவு இரக்கம் இல்லையா என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாவை அலமாரியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்று கதவைத் திறந்தால், உள்பக்கம் அம்மா பென்சிலில் எழுதி ஒட்டிய சீட்டு. ஒரு பாக்கெட் மாவு, உள்ளங்கைக் குழி நிறைய உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய், தண்ணீர். அவள் கையெழுத்தைப் பார்த்தபின் எங்கே பூட்டுவது, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிசைய ஆரம்பித்தேன்.

என் கை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், நாள் முழுக்க ஸ்பேனர் பிடித்த முறம். அம்மா உள்ளங்கைக் குழியும் என்னுடையதும் ஒன்றா? அது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் ஆராதனையில் அப்பத்தை வாயில் போட்டவர்களெல்லாம் அப்படியே நின்றார்கள். நம் சபைப் பல் டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார், பக்தியில் அல்ல. போதகர் மட்டும் முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினார். உனக்கு அப்போது திருவிருந்து எடுக்கிற வயதில்லை, பெஞ்சில் உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாய். மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன், அம்மா போனபின் முதல் தடவையாக ஆண்டவரே என்று கூப்பிட்டேன். அடுத்த திருவிருந்துக்கு முந்தின நாள் போதகர் மறுபடியும் மாவோடு வந்து நின்று, "உப்பு மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றார்.

அவ்வளவுதான் குட்டிம்மா, எனக்குத் தரிசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. மாவு பிசைய வேண்டுமே என்று நகம் வெட்டினேன், அடுப்பைத் துடைத்தேன், அதற்குள் திங்கட்கிழமை வந்தது, பணிமனைக்குப் போனேன். சபையையே உப்பில் ஊறவைத்த என்னைக்கூட ஆண்டவர் வேண்டாமென்று சொல்லவில்லையே என்று நம்பித்தான் இன்றைக்கும் எழுந்திருக்கிறேன். உன்னையும் சொல்லமாட்டார், நீ ஜெபிக்காத மாதங்களுக்கெல்லாம் சேர்த்து நான் ஜெபித்திருக்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. டாக்டரையும் போய்ப் பார், விசுவாசிகள் மருந்து சாப்பிடக் கூடாது என்று எவனாவது சொன்னால் என்னிடம் அனுப்பு, நான் இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டுத்தான் ஜெபத்துக்கே உட்காருகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இன்னொன்று, கோபப்படாதே. எனக்கு இப்போது கை நடுங்குகிறது, மாவு பிசைய முடியவில்லை. அடுத்த மாதத் திருவிருந்துக்கு அப்பம் யார் சுடுவது என்று போதகர் கேட்டார். என் பொண்ணு வர்றா என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். லீவு போட்டுக் கிளம்பி வா, கோவிலில் வைத்து உன் அப்பனைப் பொய்யனாக்கிவிடாதே. பத்தொன்பது வருஷமாக உப்பு அளக்கிற கரண்டியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட அவள் ருசி வரவில்லை. போன தடவை ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்தாயே, அப்போதுதான் பார்த்தேன், அப்படியே அம்மாவின் கை. சீட்டு இன்னும் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது, அந்த உப்பை நீ வந்துதான் அளக்க வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். குளிருக்குப் போடுகிற கோட்டை மறக்காமல் எடுத்து வை.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா