மான்தோலுக்குள் போட்ட ஜாக்கெட்

பிப்ரவரி 27

மகளாகப் பிறந்து எனக்கு அம்மாவாகவும் இருக்கிற கௌமனிக்குக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் இடது கால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் நலத்துக்கு வந்து சேரவில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நீ வின்னிபெக்கில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்றும், வடக்கே நம் பனிப் பக்கத்திலிருந்து விமானத்தில் வருகிற நோயாளிகளுக்கு டாக்டர் சொல்வதை நம் மொழியில் எடுத்துச் சொல்லும் வேலை நன்றாக நடக்கிறது என்றும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஜாக்கெட் எப்படி இருந்தது அப்பா என்று கேட்டாய், நான் நல்ல சூடு என்றேன், அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி விடை. பாதி விடை எழுதிய பிள்ளைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போட்டிருக்கிறேன், அதனால் மீதியை இதில் எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது, பக்கத்தில் உன் அம்மா தோல் வெட்டிக்கொண்டிருந்தாள். எழுதும்போதும் எது முதலில் நடந்தது எது பிறகு நடந்தது என்று எனக்கே கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது, குழம்பிய இடங்களில் துலுகாக் மாமா சொன்னதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான் என்பது உனக்கும் தெரியும்.

நீ அனுப்பிய ஜாக்கெட் ஜனவரி கடைசியில் வந்தது. உள்ளே கம்பி ஓடி, பேட்டரி வைத்து, நெஞ்சில் ஒரு பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிந்து சூடாகிற மாதிரி ஒரு சட்டையை நான் பார்த்ததே இல்லை. அதே சமயத்தில் உன் அம்மா இலையுதிர் காலம் முழுக்க உட்கார்ந்து தைத்த கரிபு மான்தோல் உடுப்பும் முடிந்திருந்தது, ஆகஸ்ட் கடைசியில் அடித்த மான்களின் தோல், ரோமம் நீளமாகவும் இல்லாமல் குட்டையாகவும் இல்லாமல் உடுப்புக்கென்றே அளந்த மாதிரி இருக்கும். ரோமம் உடம்பைத் தொடுகிற மாதிரி உள்சட்டை ஒன்று, ரோமம் வெளியே பார்க்கிற மாதிரி மேல்சட்டை ஒன்று. இப்போது வீட்டில் எனக்கு இரண்டு உடுப்பு. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டு இரண்டு வருடமாகிவிட்டது, இனிமேல்தான் முழு வேட்டைக்காரன் ஆகப்போகிறேன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எதைப் போடுவது. உன் அம்மா தைத்ததைப் போடாமல் போனால் அவள் ஒரு குளிர்காலம் என்னோடு பேச மாட்டாள். நீ அனுப்பியதைப் போடாமல் போக எனக்கு எப்படி மனசு வரும். என்னைப் பெற்றவள் செத்துப்போன அதே குளிர்காலத்தில் நீ பிறந்தாய், அவள் பெயரைத்தான் உனக்கு வைத்தோம், பிறந்த நாளிலிருந்து உன்னை அம்மா என்றே கூப்பிடுகிறேன், உன் அம்மாவும் உன்னை அத்தை என்றுதான் சொல்கிறாள், நீ கைக்குழந்தையாக இருந்தபோது அத்தை இன்னைக்குப் பாலே குடிக்க மாட்டேங்கறாங்க என்று மரியாதையோடு அழுதவள் அவள். ஆகவே அந்தப் பெட்டியைப் பிரித்தபோது எனக்கு அது மகள் வாங்கி அனுப்பியதாகத் தோன்றவில்லை, என் அம்மா எனக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது.

முப்பத்தொரு வருடம் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்லிக்கொடுத்தவன் என்ன செய்வான் சொல். வேட்டைக்குக் கிளம்பிய அன்று, ஒரு சூடும் ஒரு சூடும் இரண்டு சூடு என்று கணக்குப் போட்டு, தோல் உள்சட்டைக்கு மேலே உன் ஜாக்கெட்டை மாட்டி, அதற்கு மேலே தோல் மேல்சட்டையையும் இழுத்துவிட்டேன். குளிர் முன்னறையில் உன் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் நான் கிளம்பும்போது அவள் என் கைக்குள்ளும் கழுத்துக்குள்ளும் தன் கையை விட்டுப் பார்ப்பாள், உள்ளே காற்று நிற்க இடம் இருக்கிறதா, வேண்டுமானால் கையை உருவி நெஞ்சோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று. அன்றைக்குக் கையை விடவில்லை. ஜாக்கெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டாள். ஏன் என்று நேற்று வரை எனக்குப் புரியவில்லை.

வெளியே மைனஸ் நாற்பத்து நான்கு. துலுகாக் என்னைப் பார்த்ததும் பனிவண்டியை அணைத்துவிட்டுச் சிரித்தான். "என்ன மச்சான், கரையேறின வால்ரஸ் மாதிரி வர்றீங்க, உங்களை ஏத்தி உக்கார வைக்க நாலு பேரைக் கூப்பிடணும் போலிருக்கே" என்றான். நான் அவனோடு பேச்சுக் கொடுக்காமல் பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியில் உட்கார்ந்துகொண்டேன். ஏரியைத் தாண்டி மேற்கே மேட்டில் ஏறும்போது சறுக்குவண்டி பொலபொலத்த பனியில் புதைந்துவிட்டது, இருவரும் மண்வெட்டியால் தோண்டி, தோளைக் கொடுத்துத் தள்ளி, அரைமணி நேரம் ஆகியிருக்கும். விளக்கு சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது. முதுகில் வியர்வை வழிவது எனக்கே தெரிந்தது. துலுகாக் "மச்சான், உங்களுக்கு மூச்சு வாங்குது, கழுத்தைக் கொஞ்சம் திறந்து விடுங்க, உள்ளே என்னமோ இறுக்கமா போட்டிருக்கீங்க, அதைக் கழட்டுங்க" என்றான். நான் "எனக்கு ஒண்ணும் ஆகாதுடா, அம்மா குடுத்த சட்டை" என்றேன். அவன் மறுபடி மண்வெட்டியைப் பனியில் குத்தினான். ஒருவனுடைய அம்மாவைப் பற்றி அவன் என்ன பேசுவான்.

நீ நகரத்தில் இருந்து மறந்திருப்பாய் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கொதிக்கிற கெண்டியின் மூடியைத் திறந்து வைத்தால் ஆவி போய்விடும், உள்ளே தண்ணீர் குறையும். மூடியை இறுக்கிக் கட்டிவிட்டால் ஆவி மூடியிலேயே தண்ணீராகத் தொங்கும். தோல் மட்டும் போட்டவன் திறந்த கெண்டி. நானோ மூடியை இறுக்கிக் கட்டிய கெண்டி. மேட்டுக்கு அந்தப் பக்கம் மான்கள் மேய்கிற சுவடு தெரிந்ததும் பனிவரப்புக்குப் பின்னால் அசையாமல் படுத்துக்கொண்டோம், அரைமணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துபோயிற்று, என் மேல் தொங்கிய தண்ணீரெல்லாம் பனியாயிற்று. நடுங்கியது நினைவிருக்கிறது. பிறகு நடுக்கம் நின்றுபோய், அப்பாடா சரியாகிவிட்டது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. மான்கள் வந்தன. பதினொன்று எண்ணினேன், மறுபடி எண்ணினால் பதினான்கு, மறுபடி எண்ணினால் ஒன்பது. எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்துவிட்டேனாம். சிமிகாக், அகியுக், பலூக் என்று பழைய பிள்ளைகள் பெயரையெல்லாம் உரக்கக் கூப்பிட்டு, ஒருத்தரும் உள்ளேன் ஐயா சொல்லவில்லை என்று மான்களைத் திட்டினேனாம். துலுகாக் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், "மான் பயந்து ஓடல, வீட்டுப்பாடம் எழுதாததால ஓடுச்சு" என்று.

அவன் என் பெயரைக் கேட்டிருக்கிறான். நான் யாரோ ஒரு மாணவன் பெயரைச் சொன்னேனாம். அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு போயிருக்கிறது. நான் வேறு, சூடு தாங்கவில்லை என்று கையுறையைக் கழற்றி எறிந்திருக்கிறேன். அந்தக் குளிரில் சூடாக இருக்கிறது என்று சொல்கிறவனுக்கு நேரம் அதிகமில்லை என்று அவன் அறிவான். சறுக்குவண்டியைக் காற்றுக்குக் குறுக்கே கவிழ்த்து, அதன் மறைவில் என்னை உட்காரவைத்து, மேல்சட்டையை உருவினான். ஜாக்கெட்டின் ஜிப் உறைந்து அசையவில்லை. அம்மா, இதைத்தான் நான் போனில் சொல்லவில்லை. அவன் கத்தியை எடுத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை அதைக் கிழித்துவிட்டான். அதைத் தட்டிப் பார்த்தான், தகரம் மாதிரி சத்தம் வந்தது. தோல் உள்சட்டையில் பனி பொடிப் பொடியாகத்தான் ஒட்டியிருந்தது, பனி தட்டும் கட்டையை எடுத்து, நான் போட்டிருக்கும்போதே என்னை முன்னும் பின்னும் அடித்தான். "வாத்தியாரை அடிக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே அடித்தான், அது மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பனி உதிர்ந்ததும் மேல்சட்டையை மறுபடி போட்டு, என் கைகளை உள்ளே இழுத்து நெஞ்சில் வைத்து, அடுப்பைப் பற்றவைத்துச் சர்க்கரைத் தேநீர் ஊற்றினான். இரண்டாவது குவளையில் என் பெயர் எனக்குத் திரும்ப வந்தது. கால் சுண்டுவிரல் நுனி கறுத்துவிட்டது, தோல் உரிந்து வந்துவிடும் விரல் நிற்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள், நீ கவலைப்படாதே.

இதுவரை நடந்ததில் எனக்குக் குழப்பம் இல்லை, என் முட்டாள்தனம்தான், முட்டாள்தனம் எனக்குப் புரிகிற பாடம். குழப்பம் இதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிழிந்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் மூன்று பகல் எழுந்திருக்கவில்லை. கரிபு முதுகு நரம்பை நூலாகப் பிரித்து, கிழிசல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி தைத்துவிட்டாள், அறுந்த கம்பிகளைக்கூட முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறாள், இப்போது வலது பக்கம் மட்டும் சூடாகிறது. அதைச் சூடான அறையில் என் கண்ணாடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். தோல் உடுப்பு குளிர் முன்னறையில் தொங்குகிறது, சூட்டில் வைத்தால் ரோமம் கொட்டிவிடும். அதை உள்ளே கொண்டுவர முடியாது, இதை வெளியே வைத்தால் பேட்டரி செத்துவிடும். நான் இரண்டுக்கும் நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மார்ச் இருபதாம் தேதி துலுகாக்கோடு நான்கு நாள் போகிறேன், போகாமல் முடியாது, இறைச்சிப் பெட்டியில் மீன் மட்டும்தான் இருக்கிறது, மானை நான்தானே விரட்டினேன். எதைப் போடட்டும் என்று உன் அம்மாவைக் கேட்டால் "உங்க அம்மா குடுத்தது, நடுவுல நான் யாரு" என்கிறாள். அப்புறம் ஏன் தைத்தாய் என்றால் "அத்தை சட்டையைக் கிழிஞ்சபடி விட முடியுமா" என்கிறாள்.

நேற்று நான் விடவில்லை, பாடம் புரியாத பிள்ளையிடம் கேட்கிற மாதிரி ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டேன். கடைசியில் சொன்னாள். "நீங்க அதைப் போடறப்பவே எனக்குத் தெரியும், வேர்த்துடும்னு. வாயைத் திறந்திருக்கணும். திறக்க முடியல. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் அத்தைக்கு என் தையல் மேல நம்பிக்கை வரல, வேற சட்டை அனுப்பிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." அப்போது அவள் பல்லில் நரம்பு நூலைக் கடித்திருந்தாள், சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உனக்கு ஒன்று தெரியாது. எங்களுக்குக் கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் எனக்குத் தைத்த சட்டையை என்னைப் பெற்றவள் வாங்கிப் பார்த்து, "இந்தத் தையல்ல காத்து பூந்துடும், என் மகனைக் கொல்லப் பாக்கறியா" என்று சட்டையின் ஒரு கைத் தையலைப் பல்லாலேயே பிரித்துப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு உன் அம்மாவின் கைக்கு இந்த ஊரில் ஈடில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், என்னைப் பெற்றவள் மட்டும் சாகும்வரை சொல்லவில்லை. சொல்வதற்குள் போய்விட்டாள். பிறகு நீ வந்தாய், நீ தையல் பக்கமே போகவில்லை. உன் மேல் குற்றமே இல்லை, நீ மகளாக அனுப்பினாய், உன் அம்மா மருமகளாக வாங்கிக்கொண்டாள், நான் மகனாகப் போட்டுக்கொண்டேன். மூன்று பேரும் அன்பாகத்தான் செய்தோம், நான் உறையப் பார்த்தேன்.

அதனால் உன்னிடம் கேட்பது இது. ஜாக்கெட்டை நான் போட வேண்டாம் என்று எழுதினால் மட்டும் போதாது. உன் அம்மா பெயருக்குத் தனியாக ஒரு காகிதத்தில், என் மகனுக்கு உன் தையல் போதும் என்று ஒரு வரி எழுது. மகளாக எழுதாதே, அத்தையாக எழுது. போனில் சொல்லாதே, சிரித்து மழுப்பிவிடுவாள், காகிதம் என்றால் எடுத்து வைத்துக்கொள்வாள். இருபதாம் தேதிக்கு முன்னால் வருகிற கடைசி விமானம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. உன் காகிதம் அதில் வந்து சேராவிட்டால் நான் மறுபடியும் அந்தக் கதவருகே நிற்பேன், அவள் மறுபடியும் தேநீர் ஊற்றப் போய்விடுவாள்.

நீயும் அங்கே காலை ஒட்டிப் பிடிக்கிற அந்தக் கால்சட்டையோடு பேருந்துக்கு நிற்காதே, இரண்டு சாக்ஸை ஒரே பூட்ஸுக்குள் திணிக்காதே, விரல் அசைய இடம் வேண்டும், வேர்க்கிறது என்றால் வேர்ப்பதற்கு முன்பே கழுத்தைத் திறந்துவிடு. முன்பே என்று நான் எழுதியிருப்பதைக் கவனி. உன் கையும் காலும் எப்போதும் உலர்ந்திருக்கட்டும், உன் வழியில் காற்று மெல்ல வீசட்டும், நீ மொழிபெயர்த்துச் சொல்கிற நோயாளிகளெல்லாம் நடந்தே ஊர் திரும்பட்டும். துலுகாக் மாமா உன்னைக் கேட்டதாகச் சொன்னான், கத்திக்கு மன்னிப்பும் கேட்டான்.

அந்த ஒரு வரியை மறந்துவிடாதே அம்மா. நீ அத்தையாகப் பிறந்து வந்த நாளிலிருந்து இருபத்தெட்டு வருடமாக அவள் அதற்குக் காத்திருக்கிறாள், எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

உன் அப்பாவும்
உன் மகனுமான
இகுத்தாக்