எசேக்கியா காட்டியது

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி காயவில்லை. செம்பாக்கம் ஏரி தளும்பி நிற்கிறதாம், பால்காரர் சொன்னார்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவை.

ஷெரின்: சிறுசேரி ஆபீசில் டீம் லீட். அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது.
ஆல்வின்: ஜெர்மனியில் மேல்படிப்பு முடித்தான். கோட்டுப் போட்ட படம் வந்தது. பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று.
பிளெஸ்ஸி: நர்சிங்கில் தங்கப் பதக்கம். சபை ஆயர் ஆராதனையிலேயே அறிவித்தார்.
ஜோயல்: பிறகு.

அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் என் வீட்டில். தலைவி என்பதால் வேதப் பகுதியை விளக்கிச் செய்தி சொல்வதும் நானே. ஆயரம்மா கொடுத்த பகுதி 2 இராஜா. 20, எசேக்கியா ராஜா. வாங்க வேண்டியவை: மிக்சர், பேப்பர் கப், பால் கூடுதலாக.

ஸ்டெல்லா சில வாரமாக வரவில்லை. பாட்டு எடுத்துக் கொடுப்பது அவள்தான். போன வெள்ளியும் ரோஸ்லின்தான் எடுத்துக் கொடுத்தாள். குரல் எட்டாமல் பாதியில் நிறுத்தினோம். முன்பு ஒருநாள் ஸ்டெல்லா பிந்தி வந்தபோது பாட்டுப் புத்தகத்தை ரோஸ்லின் கையில் கொடுத்தேன், அதில் கோபமோ?

நவம்பர் 4, செவ்வாய்

மழை. கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து கலங்குகிறது. அதிகாரத்தை விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தேன்.

எசேக்கியா சாகக் கிடந்தான். அழுது ஜெபித்தான். பிழைத்தான். பாபிலோனிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். வெள்ளி, பொன், வாசனைத் தைலம், ஆயுதம், ஓர் அறை விடாமல் திறந்து காட்டினான். பிற்பாடு எல்லாம் அவர்கள் நாட்டுக்கே போய்விடும் என்று ஏசாயா வந்து சொன்னார்.

குறிப்பு: தலைவருக்குப் பெருமை ஆகாது. கார் வாங்கியதிலிருந்து ரோஸ்லின் பேசுகிற பேச்சுக்கு இது பொருந்தும்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. ஷேர் ஆட்டோவில் சிட்லபாக்கம், ஸ்டெல்லா வீடு. ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோனேன்.

"பாட்டுப் புஸ்தகத்தக் குடுத்துட்டேன்னு கோபமாம்மா?"

"நான் இன்னா சின்னப் புள்ளயாக்கா, புஸ்தகத்துக்கு மூஞ்சத் தூக்கி வச்சிக்க?" சிரித்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் மகன் கிங்ஸ்லி உள்ளே. சிறுசேரியில் வேலை போய்விட்டது. வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. ஜெபம் பண்ணியிருப்போம்."

"எப்பக்கா சொல்றது? சாட்சி நேரம்னா நீங்க எழுந்து ஷெரினுக்குப் புரமோஷன்னு ஆரம்பிப்பீங்க. அப்புறம் ரோஸ்லின், புது கார். அடுத்து நான் எழுந்து, என் புள்ள கதவச் சாத்திக்கினு படுத்திருக்கான்னு சொல்லணுமா?"

தேவன் செய்த நன்மையைத் தலைவி முதலில் எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். அதைத் தவிர வேறெதையும் நான் செய்ததில்லை என்று நினைத்தேன்.

காபி ஆற்றிக்கொண்டே கேட்டாள். "உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க நாலு பேர்தானக்கா? மூணு பேர் கதைதான் எனக்கு மனப்பாடம்."

காபி பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி அதே அதிகாரம். பாபிலோன்காரர்கள் வந்தது ராஜா வியாதியாய் இருந்ததைக் கேள்விப்பட்டு. இதைச் செவ்வாயன்று கவனிக்காமல் விட்டிருக்கிறேன். சுவர்ப்புறம் திரும்பி அழுததையும் தேவன் கேட்டதையும் அல்லவா அவன் சொல்லியிருக்க வேண்டும்? அதை விட்டுவிட்டுப் பொக்கிஷத்தைக் காட்டினான்.

அவனாவது ஓர் அறை விடாமல் திறந்தான். நான் மூன்றைத் திறந்து ஒன்றைப் பூட்டிவிட்டேன். அவன் அழுதது சுவரைப் பார்த்து. என் வீட்டுச் சுவரில் இடமில்லை, எல்லாம் கோட்டும் பதக்கமும்.

செவ்வாய் எழுதிய குறிப்பை அடித்துவிட்டேன்.

ஜோயல் இஞ்சினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டான். கோயம்புத்தூரில் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி. அவன் அப்பா, என் பெரிய மகன், அவனோடு பேசுவதில்லை. நான் பேசுவேன். ஆனால் காலேஜ் சேர்ந்த அன்று எடுத்த அவன் படத்தைக் கழற்றி அதே ஆணியில் காலண்டரை மாட்டினேன்.

நாளைக்கு அவனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் ஞாயிறுக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். முதலில் போனில் அவனைக் கேட்டேன்.

"உன்னப் பத்திக் கூட்டத்துல சொல்லட்டுமாப்பா?"

"இவ்ளோ நாளா என்ன சொன்னீங்க பாட்டி?"

"ஒண்ணும் சொல்லல."

"தெரியும்." வண்டியைக் கிளப்பும் சத்தம். "சொல்லுங்க. நான் திருடலயே."

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. ஆனாலும் வந்தார்கள். ஸ்டெல்லா பிந்தி வந்து கதவோரம், செருப்புக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதிகாரத்தை வாசித்தேன். சாட்சி நேரம். செல்போனை வேண்டுமென்றே அடுப்படியில் விட்டிருந்தேன்.

"என்னக்கா, இன்னைக்குப் போட்டோ காட்டலயா?" ரோஸ்லின்.

"போட்டோ இல்லம்மா. எனக்கு ஜோயல்னு ஒரு பேரன் இருக்கான்" என்று தொடங்கினேன். படிப்பை விட்டது, அப்பாவும் பிள்ளையும் பேசாதது, நான் படத்தைக் கழற்றியது. வேதத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ரோஸ்லின், தலை குனிந்தபடி: "நேத்து எங்க வீட்டுக்கு சாப்பாடு கொண்டாந்த பையன் தொப்பலா நனைஞ்சிருந்தான்க்கா. தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல நான்."

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. "என் மகன் கிங்ஸ்லிக்காக ஜெபம் பண்ணுங்க" என்று உட்கார்ந்தபடியே சொன்னாள். அவள் அழுது முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் மூலையிலிருந்து சாராள், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட மகளைப் பற்றி. சாராள் என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள், இதுவரை இது எனக்குத் தெரியாது.

செய்தி சொல்ல நேரமில்லை. மிக்சர் அப்படியே இருக்கிறது. ரோஸ்லின் பாட்டுப் புத்தகத்தைத் தானே எடுத்துப்போய் ஸ்டெல்லா மடியில் வைத்தாள். கடைசிப் பாட்டு ஸ்டெல்லா எடுத்துக் கொடுத்தாள். எல்லார் குரலும் எட்டியது.

தலைவி எதைச் சொல்கிறாளோ அதைத்தான் மற்றவர்களும் சொல்லத் துணிவார்கள். இத்தனை வருடம் நடத்தியும் இது எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

வெயில். துணி காய்ந்தது.

பெரிய மகன் போன். யாரோ சொல்லிவிட்டார்கள். "ஊருக்கு முன்னாடி மானத்த வாங்கணுமாம்மா?"

"மத்த மூணு பேரப் பத்தியும் ஊருக்கு முன்னாடிதானப்பா சொன்னேன்."

வைத்துவிட்டான்.

காலண்டரைக் கழற்றினேன். ஆணி உறுதியாகத்தான் இருக்கிறது. காலேஜ் படத்தை மறுபடி மாட்ட மனமில்லை, அது வேறு பிள்ளை. மதியம் ஜோயலிடம் புதுப் படம் கேட்டேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்புறேன் பாட்டி."

"அதைச் சுவர்ல எப்படிப்பா மாட்டுறது? பிரிண்ட் போட்டுத் தபால்ல அனுப்பு."

"கோட்டெல்லாம் இல்ல எங்கிட்ட."

"வேலைக்குப் போற சட்டையோட எடு. வண்டி பக்கத்துல நில்லு."

சிரித்தான். அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை திரும்பவும் கேட்க வேண்டும்: படம், பெரிய சைஸ், மடங்காமல் இருக்க அட்டை வைத்து, தபாலில்.