உடைந்த ஊசியின் நுனி

தஞ்சோங் கிளிங்,
சனிக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு ராகினி வணங்கி எழுதுவது. மாரியம்மன் கிருபையில் நானும் பிள்ளை தாரணியும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. வியாழக்கிழமை பக்கத்துத் தெரு வாணியின் குழந்தைக்குப் பால் போத்தல் வார் தைத்தேன். போத்தல் கீழே விழாமல் தள்ளுவண்டியில் மாட்டுகிற வார் அது. பெயரை எம்பிராய்டரி போடும்போது மெஷின் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்து, எதுவும் விடுபடவில்லை என்று பார்க்க நோட்டில் ஒட்டிய பிறகே சாமானைக் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்கு நுனி கிடைக்கவில்லை. “காதுகுத்து நேரம் போயிடும்க்கா, குடுங்க லா” என்று வாணி வாசலில் நின்றாள். கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் சாமி விளக்கேற்றக் கை வரவில்லை. வாணி வீட்டுக்கு ஓடிப்போய், ஊசி நுனி அதில் இருக்கலாம் என்று சொல்லி வாரைத் திருப்பிக் கேட்டேன்.

“ஊசியாக்கா? பாப்பா அந்த வாரைத்தானே சப்பிக்கிட்டு இருந்தா.”

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. வாரைத் தையல் தையலாகப் பிரித்தேன், அதிலும் இல்லை.

அப்படியென்றால் நுனி இந்த வீட்டில்தான் கிடக்கிறது. பெருக்கிப் பார்த்தேன், காந்தம் வைத்துத் தேடினேன், அகப்படவில்லை. தாரணி தவழ ஆரம்பித்துவிட்டாள். எது கிடைத்தாலும் வாயில்தான் போடுகிறாள். இரண்டு நாளாக அவளைத் தரையில் விடவில்லை, சமையல்கூட இடுப்பில் வைத்துக்கொண்டுதான். அவர் சிங்கப்பூரிலிருந்து மாதக் கடைசியில்தான் வருவார்.

முடிந்தால் பஸ் ஏறி வாருங்கள் அம்மா. அப்பாவின் பெரிய டார்ச்லைட்டையும் கொண்டுவாருங்கள். நீங்கள் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தால் போதும், நான் தேடிவிடுவேன்.

இறங்க வேண்டும் என்று அழுகிறாள். நிறுத்துகிறேன்.

ராகினி