‘வாரேன்’ சொல்லாத பியூலாவுக்கு

அன்புள்ள பியூலா,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அடித்தேன். வேறு சொல் அகப்படாததால் அதையே திரும்ப எழுதியிருக்கிறேன். அதை நம்பி ஏமாந்துவிடாதே. உன்மேல் எனக்கு இருப்பது கோபம். பதினான்கு மாதமாகியும் இறங்கவில்லை.

உன் ஐந்தாவது நாவலின் பின்பக்கத்தில் போடுவதற்கு நினைவுரை வேண்டுமாம். “படிச்சா கண்ணீர் வர்ற மாதிரி இருந்தா நல்லாருக்கும் மேடம்” என்று பதிப்பகத்துக்காரர் சென்னையிலிருந்து பேசினார். கண்ணீர் எல்லாம் என்னிடம் இல்லை. இதைத்தான் கொடுக்கப்போகிறேன். கதையை முடித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கும் உன் வாசகர்களும் கேட்கட்டும், நீ எப்படிப்பட்ட ஆள் என்று.

அவர்களுக்குத் தெரிந்தது ‘அக்கரை நாட்கள்’ எழுதிய பியூலா. கொள்ளைநோயில் செத்தவர்கள் எழுந்து, பசியோடு சொந்த வீட்டுக்கே திரும்பி வந்து கதவைத் தட்டுகிற உலகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுண் முழுக்க அவர்கள். ஓடுகிற தண்ணீரை அவர்களால் தாண்ட முடியாததால் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டையில், மிச்சமிருக்கும் மனிதர்கள். நடுவில் எஸ்தர் என்று ஒரு டீச்சரும் துரை என்று ஒரு டவுண் பஸ் டிரைவரும் ஐந்து நாவல் நீளத்துக்குக் காதலித்தார்கள்.

எனக்குத் தெரிந்த பியூலா வேறு. கல்லூரியில் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவள். போதாதென்று தன் அண்ணனையும் என் தலையில் கட்டியவள். அதுவரை ‘ஏட்டி’ என்று கூப்பிட்ட வாய், கல்யாணத்துக்கு மறுநாள் அடுக்களை வாசலில் நின்று பல்லைக் காட்டியது. “மைனி, காப்பி போடுதியளா? இல்ல, நாத்தனா கொடுமைய இன்னைக்கே ஆரம்பிச்சிரட்டுமா?”

அந்த எஸ்தர் யார் என்று உன் வாசகர்களுக்குச் சொன்னாயா? பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தூங்குகிறவர்களின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். முதல் நாவலில், வாசலுக்கு வந்த செத்த மாமனாரை வாரியலால் அடித்துத் துரத்துவாள். அந்த வாரியல், ஈர்க்குச்சி எண்ணிக்கை வரைக்கும், நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறதே, அதேதான். என் பயத்தையெல்லாம் உரித்தெடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாய். நான் சண்டைக்கு வந்தபோது, “ஊரே அழிஞ்சாலும் நீங்கதான் மைனி பொழச்சுக் கெடப்பிய. பயந்தவதான் பொழைப்பா” என்றாய்.

அப்புறம் ஏன் அவளைக் கொன்றாய்?

ஐந்தாவது நாவலின் கடைசிப் பக்கத்தில் எஸ்தரின் மணிக்கட்டில் கடி. நாலு மாதக் குழந்தையை பஸ் ஜன்னல் வழியாகத் துரையிடம் நீட்டிவிட்டு, படித்துறையில் இறங்கி ஆற்றுக்குள் நடக்கிறாள். திரும்பிப் பார்க்காமல் ஒரே ஒரு சொல். “போறேன்.” முற்றும்.

நம் பக்கத்தில் யாராவது வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்வார்களா? வாய் தவறிச் சொன்னால்கூடத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவார்கள். நீ அதைத் தலைகீழாக்கினாய். உன் உலகத்தில் எழுந்து வருகிறவர்கள் வாயில் மிச்சமிருக்கும் ஒரே சொல் ‘வாரேன்’. அதனால் உயிரோடிருப்பவர்கள் பிரியும்போது ‘போறேன்’ என்பார்கள். நான் செத்தாலும் உன்னைத் தின்ன வரமாட்டேன் என்று அர்த்தம். அங்கே அதைவிடப் பெரிய காதல் வசனம் கிடையாது.

நாம் இரண்டுபேரும் அதை வீட்டுக்குள்ளேயும் கொண்டுவந்தோம். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு நீ “போறேன் மைனி” என்பாய். நான் “வந்துராத! வந்தா வாரியல்தான்” என்பேன். உன் அம்மா, என் அத்தை, கரண்டியோடு ஓடிவருவாள்.

“ரெண்டு பேருக்கும் வாயில வெளங்குத வார்த்தையே வராதா? செத்தவன் எந்திரிக்கானாம், வீட்டுக்கு வாரானாம். மூணாம் நாள் எந்திரிச்சது ஒரே ஒருத்தருதான். அவரும் யாரையும் கடிக்கல!”

சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம். நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோதே உனக்கு நோய் தெரிந்துவிட்டதாம். அப்போதும் சிரித்தாய். வெயிலுக்கு என்று முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். என் மகள் ரூத் பிறந்த பிறகு அத்தைக்குத் தெரியும், உன் அண்ணனுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. “மைனி பயந்துருவா, பால் வத்திரும்” என்று நீ சட்டம் போட்டாயாம். என் மார்பில் சுரக்கும் பாலைப் பற்றி முடிவெடுக்க நீ யார்?

நாவலை முடிக்க நாகர்கோவிலில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னாய். அது ஆஸ்பத்திரி அறை. “மருமகள வந்து பாக்கக்கூட நேரமில்லையோ பெரிய எழுத்தாளருக்கு?” என்று நான் குத்தி அனுப்பினேன். நீ இளிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாய்.

அன்று மதியம் ரூத்துக்குக் காய்ச்சல். ஒரு கையில் தெர்மாமீட்டர். போனில் நீ பதிந்து அனுப்பிய குரல், இரண்டு விநாடி. “போறேன், மைனி.” கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டாய் என்று நினைத்தேன். போனை வாயருகில் பிடித்து, வழக்கமான பதிலைப் பதிந்து அனுப்பினேன். “வந்துராத! வந்தா வாரியல்தான்.”

சாயங்காலம் உன் அண்ணன் வந்தார். உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் சொன்னதைக் கேட்டாயா, இல்லையா? கேட்டிருந்தால் என்ன நினைத்தாய்? இதை யாரிடம் போய்க் கேட்பேன்? பதினான்கு மாதமாக அந்தப் பதிலை யாருக்கும் காட்டவில்லை. எல்லாரும் உன் கல்லறைக்குப் போனபோது, குழந்தைக்குச் சளி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சளி.

இப்போது புரூஃப் வந்திருக்கிறது. ‘மைனி பார்க்கட்டும், அவள் சரி என்றால்தான் அச்சு’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பதிப்பகத்துக்காரருக்குக் கடைசிச் சொல் பிடிக்கவில்லை.

“போறேன்னு முடியறது நெகட்டிவா இருக்கு மேடம். ‘போயிட்டு வாரேன்’னு மாத்திட்டா வாசகர்களுக்கும் ஒரு நம்பிக்கை. ஆறாவது பாகத்துக்கும் வழி இருக்கும்.”

“ஆறாவத யாரு எழுதுவா?”

“எழுத ஆள் இருக்காங்க மேடம். அவங்க பேர்லயே வரும்.”

அத்தைக்கும் அதே ஆசை, வேறு காரணத்துக்காக. “எம்பிள்ள எழுதுன கடைசி வார்த்தை போறேன்னா இருக்கணும்? மாத்திரு.”

உண்மையைச் சொல்கிறேன், நானும் மாற்றினேன். சிவப்புப் பேனாவால் ‘போறேன்’ என்பதை அடித்தேன். அவர்களுக்காக இல்லை. அந்தச் சொல் புத்தகத்தில் இல்லாமல் போனால், என் போனிலிருந்தும் போய்விடும் என்று ஒரு கிறுக்குத்தனம்.

நேற்றுக் காலை அத்தை ரூத்துக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். மாற்றியதை வாசித்தேன். எஸ்தர் ஆற்றுக்குள் இறங்கி, ‘போயிட்டு வாரேன்’ என்றாள்.

அத்தை கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். “எங்கிட்டயும் இதத்தான் சொன்னா.”

“என்னத்த?”

“அன்னைக்கு ஆப்பரேசனுக்கு உள்ள தள்ளிட்டுப் போகையில, ‘வாரேம்மா’ன்னா. அவ அண்ணங்கிட்டயும் வாரேன்தான். நர்சுப்பிள்ளைக்கும் வாரேன்தான்.” கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். “அவ வரலியே, ஏட்டி. ஒங்கிட்ட என்ன சொன்னா?”

போனை எடுத்துப் பதிவைப் போட்டேன். உன் இரண்டு விநாடி. அதன்பின் என் குரல், வாரியலோடு. அத்தை என்னை அடிப்பாள் என்றே நினைத்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். ரூத் போனைப் பிடுங்க வந்தாள்.

“போனக் காதுல வச்சிட்டுச் சிரிச்சா அன்னைக்கு. மருந்து மயக்கத்துல சிரிக்கான்னு நெனச்சேன்” என்றாள் அத்தை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சிறுக்கி. பெத்தவகிட்டப் பொய்யி, ஒனக்கு மட்டும் நெசம். பழசையே வையி” என்றாள்.

அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால் ‘இது அப்படியே இருக்கட்டும்’ என்று அச்சுக்காரர்களுக்கு அர்த்தம் என்று நீதான் ஒருமுறை காட்டினாய். மூன்று எழுத்து. மூன்று புள்ளி வைத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் அத்தனை வாயையும் பூட்டிவிட்டு, உண்மையை மட்டும் இரண்டு விநாடியில் என் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனாயே, அது என்ன நியாயம்? பயந்தவள்தான் தாங்குவாள் என்று உனக்கு யார் சொன்னது? ரூத் தூங்கும்போது இன்னும் மூக்கில் விரல் வைத்துத்தான் பார்க்கிறேன். அவள் இப்போது அந்த விரலைக் கடிக்கிறாள். உன் மருமகள்தானே.

ஆறாவது பாகம் வராது. உன் பெயரை எழுப்பி நடக்கவிட யார் வந்தாலும், வாசலில் நான் நிற்பேன். புத்தகம் கைக்கு வந்ததும் முதல் பிரதியோடு, சளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரூத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, உன் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து மிச்சச் சண்டையைப் போட்டுத் தீர்ப்பேன்.

நீ வராதே. நான் வாரேன்.

கையில் வாரியலோடு,
உன் மைனி